மூன்றாவது கேள்வி

"குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா?"
வார்ட் பிளேஸ் கிளினிக்கில் டொக்டர் கேட்டபோது
அம்மா என்னை முந்திக்கொண்டாள்.
"இல்ல டொக்டர். எங்க பரம்பரையிலேயே இல்ல."
கைப்பையின் வாரை முறுக்கி முறுக்கி
அது கயிறாகியிருந்தது.
டொக்டர் படிவத்தில் சின்னதாய் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோட்டுக்கு அடியில் கிடந்தாய் நீ,
உச்சிமாகாளி,
என் அம்மாவின் தாத்தா.
பார்த்தே இராத உன்னை நீ என்றே கூப்பிடுகிறேன்.
மரியாதை நிறையத் தந்துதான் உன்னை மறைத்தார்கள்.

"ஊருக்குப் போயிட்டாரு" என்பார்கள்.
தூத்துக்குடிக் கப்பலேறி, விளாத்திகுளத்துப் பக்கம்,
அங்கே காய்ச்சலில், ஓர் ஐப்பசியில்.
பொய்க்கு மாதம்கூட வைத்திருந்தார்கள்.

உண்மையைச் சொன்னது ஒரு பெரியம்மா,
பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில்
பாயசம் வரும்வரைக்கும்.

துறைமுகத்தில் உனக்கு மூட்டை எண்ணும் வேலை.
நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே.
இருபத்தாறு வருஷம் கணக்குப் பிசகவில்லை.
பிறகு ஒருநாள் காலையில்
உன் பெயரை யாரோ ஒரு சாக்குக்குள் வைத்துத்
தைத்துவிட்டார்கள் என்றாய்.
எந்தக் கப்பல், எந்தச் சாக்கு, தெரியாது.
ஐந்தாம் குறுக்குத்தெருக் கடைகளில்
மூட்டை மூட்டையாய்க் கிழித்துத் தேடினாய்,
முழங்கைவரை மைசூர்ப் பருப்பு.
அடித்தார்கள்.
பருப்பின் விலையைக் கூலியில் கழித்தார்கள்.

அந்தக் காலத்தில் பலபேர்
தங்கள் பெயர் எங்கே பதிந்திருக்கிறதென்று தெரியாமல்
கச்சேரி கச்சேரியாய் நடந்தார்கள்.
அவர்களை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை.
இப்படி எழுதிவிட்டு நிறுத்திவிடலாம், அழகாயிருக்கும்.
ஆனால் விடியவிடியத் தூங்காமல்
கூரைத் தகரத்தின் மடிப்புகளை எண்ணியவனை,
பெற்ற பிள்ளையை விலைக்காரன் என்று விரட்டியவனை
ஒரு சட்டத்துக்கு உவமையாக்க எனக்கு மனமில்லை.
நோய், நோய்தான்.

அங்கொடையில் சேர்த்த கிளாக்கர்
"உக்குமாலி" என்று எழுதினானாம்.
பதினோரு வருஷம்
அந்தப் பெயருக்கு நீ திரும்பிப் பார்க்கவில்லை.
அதையும் வியாதியின் குறி என்று குறித்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு நிற்கையில்
அங்கொடை போர்டு போட்ட பஸ் வந்தால்
ஒருத்தியை ஒருத்தி தள்ளிவிட்டுச் சிரிப்போம்,
"ஏறு, ஏறு, ஒன்ட பஸ்."
நானும் தள்ளியிருக்கிறேன்.
மெர்லினை. அவள் அழுதாள்.

எனக்கும் துறைமுகத்தில்தான் வேலை.
கொள்கலன் எண்கள்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம்,
திரையில் அடிக்க வேண்டும்.
போன ஆவணி தொடங்கி
விளக்கை அணைத்த பிறகும் விரல்கள் அடித்துக்கொண்டே இருக்கின்றன
மெத்தை விளிம்பில்.

பொரளைச் சந்தியில் நின்றோம். தூறல்.
மருந்துத் துண்டை அம்மா நாலாய் மடித்து
இன்னும் ஒருமுறை மடிக்கப் பார்த்தாள்.
பஸ் வந்தது. கொண்டக்டர் கூவினான்,
"அங்கொட, அங்கொட, முல்லேரியாவ!"
நான் என் செருப்பைப் பார்த்தேன்.
அம்மா போர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஞாயித்துக்கிழமையில சோறு கொண்டு போவோம்.
எனக்கு ஆறு வயசு. கேரியர் சூடு தொடையில படும்.
சாப்பிடாம, சோத்த விரலால
கிண்டிக் கிண்டிப் பாப்பாரு.
ஒருநாள் ஒரு துண்டுக் கடுதாசியில
அவர் பேர எழுதி
பருப்புக்கு அடியில வச்சேன்."

பஸ் போய்விட்டது.

"பிறகு?"

"எடுத்தாரு. தொடச்சாரு. வாசிச்சாரு.
ஒரு 'ச்' விட்டுட்டேன்னாரு."

சிரித்தாளா என்று தெரியவில்லை.
குடை நடுவில் இருந்தது.